கடைக் கட்டடமும் பெண் உரிமையாளரும்: வணிகர்கள் அறிய வேண்டியவை



நம் சங்கக் கூட்டங்களில் வரி, உரிமம், தராசு முத்திரை, லாரி வாடகை என்று எத்தனையோ விஷயங்களைப் பேசுகிறோம். நாம் கல்லாப்பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் கட்டடம் யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. வாடகையை யார் வாங்குகிறாரோ அவர்தான் சொந்தக்காரர் என்று இருந்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அதனால் பட்ட சங்கடமே இக்கட்டுரைக்குக் காரணம்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று எந்தக் கடைவீதியில் நின்று பார்த்தாலும் பெயர்ப்பலகைகளில் பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான் இருக்கும். ஆனால் சொத்து வரி ரசீதுகளையும் பத்திரங்களையும் பிரித்துப் பார்த்தால் பல கட்டடங்கள் பெண்கள் பெயரில் இருக்கும். அந்த உரிமை ஒரே நாளில் வந்ததல்ல. அது எப்படி வந்தது, அதனால் வாடகைக்கு இருக்கும் வியாபாரிக்கு என்ன பொறுப்பு என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்ல முயல்கிறோம்.

எங்கள் கிட்டங்கியின் கதை

வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரத்துக்காக எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து பஜாரை ஒட்டிய ஒரு கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறோம். அது கீழே சுண்ணாம்புச் சாந்தும் தேக்கு உத்தரமும், மேலே சிமெண்டும் கம்பியும். கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் சுமார் முப்பது வருஷ வித்தியாசம். பஜாரில் இன்றும் அந்தக் கட்டடத்துக்குக் கட்டினவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் கட்டி அனுபவித்தது சில வருஷம்தான். அவருக்குப் பின் அது மூன்று தலைமுறையாகப் பெண்கள் கையில் இருந்து வருகிறது.

கட்டினவர் 1940-களில் காலமானார். ஆண் வாரிசு இல்லை. மனைவியும் ஒரே மகளும்தான். கட்டடம் அவர் சொந்தச் சம்பாத்தியம் ஆகையால் மனைவிக்கு வந்தது. ஆனால் அந்தக் காலத்துச் சட்டப்படி விதவைக்குக் கிடைத்தது முழு உரிமை அல்ல. அவர் ஆயுள் உள்ளவரை வாடகையை வாங்கி அனுபவிக்கலாம். சாப்பாடு, மகள் கல்யாணம், கணவர் வைத்த கடன் போன்ற அவசியத் தேவை இருந்தால் ஒழிய விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. அவருக்குப் பின் சொத்து அவர் விரும்பியவருக்குப் போகாது. கணவரின் அடுத்த வாரிசுக்குத்தான் போகும்.

இதன் விளைவு என்ன? அந்த அம்மாள் மேலே ஒரு மாடி எடுக்க நினைத்துக் கடன் கேட்டாராம். கடன் கொடுக்கிறவர்கள் யோசித்தார்கள். "அம்மா, நீங்க நல்லவங்கதான். உங்களுக்குப் பிறகு வர்றவங்க வந்து இந்த அடமானம் செல்லாதுன்னா நாங்க எங்கே போறது?" என்பதுதான் பதில். பங்காளிகளும் அவ்வப்போது வந்து கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்களாம். ஆகவே மாடி இல்லாமலே கட்டடம் நின்றது. 1956-க்குப் பிறகுதான் மாடி எழுந்தது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

சிவகங்கை வழக்கு

விதவைக்கும் மகளுக்கும் இந்த அளவு உரிமையாவது நிலைபெற்றதற்கு நம் பக்கத்துச் சீமையில் நடந்த ஒரு வழக்கு முக்கிய காரணம். 1801-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் சிவகங்கை ஜமீனைக் கௌரி வல்லபத் தேவருக்கு வழங்கினார்கள். அவர் 1829-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மனைவியரும் பெண் மக்களும் இருந்தார்கள். ஆனால் அவருடைய அண்ணன் வழியினர், "குடும்பம் பிரியாத குடும்பம், ஆகவே ஜமீன் எங்களுக்கே" என்று எடுத்துக்கொண்டார்கள். வழக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. மகள் காத்தம நாச்சியார் விடாமல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். 1863-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

தீர்ப்பின் சாரம் இதுதான்: குடும்பம் கூட்டுக் குடும்பமாகவே இருக்கலாம். ஆனால் ஒருவர் தானே அடைந்த சொத்து அவருடைய தனிச் சொத்து. அவருக்கு மகன் இல்லையென்றால் அது அவர் மனைவிக்கும், பின் மகளுக்கும் போகும். அண்ணன் தம்பி வழிக்குப் போகாது.

பழைய கதைதானே என்று நினைக்க வேண்டாம். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அருணாசலக் கவுண்டர் வழக்கில், 1956-க்கு முன்பே இறந்த ஒருவரின் சுயார்ஜிதச் சொத்து அவர் மகளுக்கே சேரும், அண்ணன் தம்பி மக்களுக்கு அல்ல என்று தீர்ப்பளித்தது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். அந்தத் தீர்ப்பில் சிவகங்கை வழக்கு எடுத்துக் காட்டப்பட்டது. ஒரு பெண் விடாமல் நடத்திய வழக்கு, நூற்றைம்பது வருஷம் கழித்து இன்னொரு குடும்பத்துப் பெண்ணின் உரிமைக்கு ஆதாரமாயிற்று.

1956: மாடி எழுந்த காரணம்

1937-இல் வந்த ஒரு சட்டம் விதவைக்கு மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. ஆனால் அதுவும் ஆயுள் அனுபவம்தான். முழு உரிமை கொடுத்தது 1956 ஜூன் 17-ஆம் தேதி அமலுக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன் 14-ஆம் பிரிவு ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரு பெண் வசம் உள்ள சொத்து, சட்டத்துக்கு முன் வந்ததாயினும் பின் வந்ததாயினும், அவருக்கு முழுச் சொந்தம். விற்கலாம், அடமானம் வைக்கலாம், விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம்.

எங்கள் கட்டடத்து அம்மாள் அந்தச் சட்டம் வந்தபோது உயிரோடு இருந்தார், கட்டடமும் அவர் வசம் இருந்தது. ஆகவே ஒரே நாளில் ஆயுள் அனுபவக்காரர் முழு உரிமையாளர் ஆனார். கடன் கேட்டால் கிடைத்தது. சில வருஷத்தில் மாடி எழுந்தது. பங்காளிகள் வருவதும் நின்றது. பின்னால் தன் மகளுக்கு அதைச் செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்தார்.

அதே சட்டம், ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு என்றும் சொன்னது. ஆனால் ஒரு பெரிய குறை வைத்தது. தாத்தா, முப்பாட்டன் வழி வந்த பூர்வீகச் சொத்தில் பிறப்பாலே பங்கு என்பது ஆண் மக்களுக்கு மட்டுமே இருந்தது.

விருதுநகர் மாநாடும் 1989-ஆம் ஆண்டும்

இந்தக் குறையைப் பற்றி நம் பகுதியில் வெகு காலத்துக்கு முன்பே பேசினார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், ஆணைப் போலவே பெண்ணுக்கும் சொத்துரிமையும் வாரிசு உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியனார். 1931-இல் மூன்றாவது மாநாடு விருதுநகரிலேயே நடந்தது. நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் அதைக் கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு வந்து கடையைத் திறந்தார்கள். பத்திரம் எழுதும்போது பழையபடிதான் எழுதினார்கள். பேட்டையும் மகமையும் நம் வியாபாரத்தை வளர்த்தன. ஆனால் உறவின்முறைக் கூட்டத்தில் ஆண்களே அமர்ந்தார்கள். வீட்டுப் பெண்ணின் பங்கு அங்கே பேச்சில் வரவில்லை.

செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு அறுபது ஆண்டு கழித்துத் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பாலே பங்கு உண்டு என்றாயிற்று. ஆந்திரம் சில ஆண்டுகளுக்கு முன்பே செய்திருந்தது. ஆனால் நம் சட்டத்தில் இரண்டு விலக்குகள் இருந்தன. அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகளுக்குப் பங்கு இல்லை. அந்தத் தேதிக்கு முன் நடந்துவிட்ட பாகப்பிரிவினையைத் தொட முடியாது. ஆகவே ஒரே வீட்டில் 1988-இல் கட்டிக் கொடுத்த அக்காளுக்குப் பங்கு இல்லை, 1990-இல் கட்டிக் கொடுத்த தங்கைக்குப் பங்கு உண்டு என்ற நிலைமை வந்தது.

2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தச் சட்டம் இந்த வேற்றுமையை நீக்கியது. திருமணம் எப்போது ஆனாலும் மகளும் மகனும் ஒன்றுதான். அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல கோர்ட்டுகளில் குழப்பம் இருந்தது. 2020 ஆகஸ்டு 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படி இருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பாலே வருவது என்று முடித்து வைத்தது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ கோர்ட் தீர்ப்போ இருந்தால் அதைக் கிளற முடியாது. "வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம்" என்று இப்போது சொன்னால் தக்க அரசாங்க ஆவணம் இல்லாமல் ஏற்கமாட்டார்கள்.

இவை இந்துக்களுக்கான சட்டம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இஸ்லாமியக் குடும்பங்களில் ஷரியத் முறைப்படி மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. எந்த மதமாயினும் மகளுக்குப் பங்கே இல்லை என்பது இல்லை.

மனைவி பெயரில் வாங்கிய கட்டடம்

நம் கடைவீதிகளில் பெண்கள் பெயர் வந்ததற்கு வாரிசு உரிமை மட்டும் காரணம் அல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வியாபாரத்தில் நொடித்துப் போனால் கட்டடமாவது மிஞ்சட்டும் என்று மனைவி பெயரில் வாங்கியவர்கள் நம்மில் உண்டு. "பேருக்குத்தான் அவ பேரு, சொத்து என்னுது" என்று சொல்வதும் உண்டு.

இந்தப் பேச்சு ஆபத்தானது. 1988-ஆம் ஆண்டு பினாமிச் சட்டம் வந்தபோதே, மனைவி பெயரிலோ மணமாகாத மகள் பெயரிலோ வாங்கிய சொத்து அவர்களின் நன்மைக்காகவே வாங்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளப்படும் என்று சொன்னது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, கணக்கில் காட்டிய பணத்தில் மனைவி மக்கள் பெயரில் வாங்கினால் பினாமி ஆகாது; கணக்கில் வராத பணம் என்றால் சொத்தே பறிமுதல் ஆகலாம். கடன்காரரை ஏமாற்றும் எண்ணத்தில் மனைவிக்கு எழுதிக் கொடுத்தாலும் கடன்காரர் கோர்ட்டுக்குப் போய் அதை ரத்து செய்ய வழி இருக்கிறது. ஆகவே எழுதினால் மனதாரக் கொடுப்பதாக எழுத வேண்டும். கொடுத்தபின் அது அவருடையதுதான்.

கோவில்பட்டியிலிருந்து வந்த மகள்

இனி எங்கள் சங்கடத்துக்கு வருகிறோம். இரண்டாவது தலைமுறை அம்மாள் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, வாடகையை எண்ணி வாங்கி, ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஓட்டை, ஒழுகல் இருந்தால் தானே மேலே ஏறிப் பார்ப்பார். அவர் காலமானபின் மகன் வந்தார். நாங்களும் பழக்கத்தில் அவரிடமே வாடகை கொடுத்தோம். உணவு உரிமம் புதுப்பிக்க வாடகை ஒப்பந்தம் கேட்டபோது அவரே கையெழுத்துப் போட்டார். இரண்டு வருஷம் ஓடிற்று.

ஒரு நாள் காலையில் கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்த மகள் வந்தார். அம்மா உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். பையிலிருந்து இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் எடுத்து வைத்தார். "அண்ணாச்சி, என் பங்கு வாடகையை யார்கிட்ட கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்போம். அவர் சாதாரணமாகக் கேட்டார். எங்களுக்குப் பதில் வரவில்லை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்து மகன், மகள், கணவர் மூவருக்கும் சமமாகப் போகும். கணவர் முன்பே இறந்திருந்ததால் மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. வழக்கறிஞரிடம் கேட்டோம். நல்லெண்ணத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்ட வாடகையை மறுபடி கொடுக்க வேண்டியதில்லை என்றார். ஆனால் இன்னொரு பங்குதாரர் இருப்பது தெரிந்த பிறகும் அப்படியே கொடுத்தால் அது நல்லெண்ணம் ஆகாது என்றும் சொன்னார். எங்களுக்குத் தெரியாதா? அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு மொய் எழுதியவர்கள் நாங்கள். தெரியும், நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணனும் கெட்டவர் அல்ல. அவரும் நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டு பேரையும் எங்கள் கடையிலேயே உட்கார வைத்துப் பேசினோம். பழைய வாடகையில் தங்கை பங்கை அவர் தவணையில் கொடுக்க ஒப்புக்கொண்டார். இப்போது இருவர் கையெழுத்தோடு புது ஒப்பந்தம், இருவர் வங்கிக் கணக்கிலும் சரிபாதி வாடகை. கோர்ட்டுக்குப் போகாமல் முடிந்தது. போயிருந்தால் எங்கள் உரிமமும் தொங்கியிருக்கும், கட்டடமும் பூட்டியிருக்கும்.

வாடகைக்கு இருப்போர் கவனிக்க வேண்டியவை

1. கடை எடுக்கும் முன் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, கடைசிச் சொத்து வரி ரசீது மூன்றையும் பார்க்கவும். மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்கவும். வரி ரசீது மட்டும் உரிமைக்குச் சாட்சி ஆகாது.

2. உரிமையாளர் காலமானால் வாரிசுச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கவும். அதில் கட்டிக் கொடுத்த பெண்களின் பெயரும் இருக்கும். எல்லோரிடமும் எழுத்து மூலம் சம்மதம் பெற்று, யாருக்கு வாடகை என்று முடிவு செய்யவும்.

3. உரிமையாளர் அம்மாளாக இருந்து மகனோ மருமகனோ வாடகை வாங்கினால், அம்மாள் கொடுத்த அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று பார்க்கவும். குறைந்தபட்சம் வாடகையை அம்மாளின் கணக்கிலேயே கட்டவும்.

4. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழ்நாட்டுப் புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியுள்ளது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும்.

5. தீபாவளிக்குத் தற்காலிகப் பட்டாசுக் கடை போடுவோர் முக்கியமாகக் கவனிக்கவும். வாடகைக் கட்டடம் என்றால் உரிமையாளருடன் செய்த ஒப்பந்தத்தையும் வரி ரசீதையும் விண்ணப்பத்தோடு கேட்கிறார்கள். உரிமையாளர் அல்லாதவர் கையெழுத்தோடு போனால் கடைசி நேரத்தில் சிக்கல். வியாபாரமோ சில நாள்தான். வாங்கி வைத்த சரக்கு என்ன ஆவது?

6. கட்டடத்தை விலைக்கு வாங்கும்போது, மகள்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அது பதிவானதா என்று பார்க்கவும். நம் வீட்டிலேயே விடுதலை வாங்குவதானால் அந்தப் பெண்ணுக்கு முழுவதையும் படித்துக் காட்டி, அவர் மனம் ஒப்பிய பிறகே கையெழுத்து வாங்கவும்.

7. 2025 ஏப்ரல் முதல் பத்து லட்ச ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை இருக்கிறது. சிறிய ஊரில் சிறு கடை வாங்குவோர் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நம் வீட்டுக் கணக்கு

பிறர் கட்டடத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு எங்கள் வீட்டை மறைப்பது முறையல்ல. எங்கள் பூர்வீகக் கடையை 1992-இல் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துப் பதிவு செய்தோம். தங்கைக்கு 1984-இல் திருமணம். அப்போதைய சட்டப்படி பங்கு இல்லை என்றார்கள். தகப்பனாரும் தம் பங்கை எங்களுக்கே எழுதி வைத்தார். 2005 சட்டமும் அந்தப் பத்திரத்தைத் தொடாது. சட்டப்படி எங்கள் பேரில் ஒரு குறையும் இல்லை. தங்கையும் ஒரு நாளும் கேட்டதில்லை.

கோவில்பட்டிப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டபின் எங்களுக்கு அந்தப் பத்திரம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. தம்பியோடு பேசினோம். கிழக்குப் பார்த்த கடை ஒன்றைத் தங்கை பெயருக்குச் செட்டில்மெண்டாக எழுதிப் பதிந்து, பத்திரத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மா இருக்கும்போதே எழுதியிருந்தா அவுகளும் பாத்திருப்பாகண்ணே" என்றார். அதற்கும் எங்களிடம் பதில் இல்லை.

வணிகப் பெருமக்களே, ஐந்தொகை போடும்போது கொடுக்க வேண்டியதை விட்டுவிட்டு இருப்பை மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது. வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டியதையும் அந்தக் கணக்கில் எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.